‘வாடா’வுக்கும் ‘வாங்க’வுக்கும் நடுவுல: மொழி சமூகத்த மாத்துதா, சமூகம் மொழிய மாத்துதா?

மொழி சமூகத்த மாத்துதா, சமூகம் மொழிய மாத்துதா, ஒரு உதாரணம் வச்சு சொல்லுங்கன்னு கேட்டிருந்தீங்க. இதுக்கு வழக்கமா எஸ்கிமோ மொழில பனிக்கு எத்தன வார்த்தைன்னு எங்கயோ ஆரம்பிப்பாங்க, அவ்ளோ தூரம் போக வேணாம். தமிழ்ல ஒரு ஆள் வந்ததப் பத்தி சும்மா ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்க. வந்தான், வந்தா, வந்தாரு, வந்தாங்க, இதுல ஒண்ண எடுத்துதான் ஆகணும், அந்த ஆளுக்கு எவ்ளோ மரியாதைன்னு முடிவு பண்ணாம வாக்கியத்த முடிக்கவே முடியாது. இங்கிலீஷ்ல மரியாதை வேணும்னா தனியா ஒரு ‘சார்’ சேக்கணும், நம்மகிட்ட அது வினைமுற்றுக்குள்ளயே உக்காந்திருக்கு. அதனால என் பதில் முழுக்க இந்த நீ, நீங்க, அவன், அவரு, டா, டி பத்தித்தான். இலக்கணத்துல ரொம்ப சின்ன சமாச்சாரம், ஆனா ஊர்ல பாதி சண்டை இதுலதான் ஆரம்பிக்குது.

நான் படிச்சது மொழியியல், பொழப்பு டப்பிங் வசனம் எழுதுறது. வெளிநாட்டு சீரிஸ் ஒண்ணு வருதுன்னு வைங்க, அதுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ‘யூ’ன்னுதான் பேசிக்குவாங்க. முன்னாடியெல்லாம் கை தானா எழுதும், அவன் ‘சாப்டியா’ம்பான், அவ ‘சாப்டீங்களா’ம்பா, நியூயார்க் ஜோடி ராத்திரியோட ராத்திரியா கும்பகோணத்து ஜோடி ஆயிடும். எழுதுறவனுக்கும் உறுத்தாது, கேக்குறவங்களுக்கும் உறுத்தாது. இப்ப அப்படி எழுதிட்டுப் போனா வாய்ஸ் குடுக்க வர்ற பொண்ணே மைக் முன்னாடி நிறுத்திட்டு ‘இவ மட்டும் ஏன் சார் வாங்க போங்கன்னு பேசுறா’ன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்வி, நான் ரெண்டையும் ‘நீ’ ஆக்கிட்டேன்.

அத விட கஷ்டமான எடம் ஒண்ணு சொல்றேன். போலீஸ் சீரிஸ், மேலதிகாரி ஒரு பொண்ணு, வயசு முப்பத்தஞ்சு இருக்கும், அவங்களுக்குக் கீழ வேலை பாக்குற ஆளுக்கு அம்பதுக்கு மேல. அவர் ‘சொல்லுங்க மேடம்’னு பேசட்டும், அதுல பிரச்சன இல்ல. அவங்க அவர என்னன்னு கூப்பிடுறது? ‘நீ’ன்னா திமிரு புடிச்சவளா நம்ம ஊர் காதுக்குக் கேக்கும், ‘நீங்க’ன்னா அந்த சீன்ல இருக்குற அதிகாரம் செத்துடும். அதே எடத்துல ஆம்பள அதிகாரி இருந்திருந்தா ‘நீ’ன்னு எழுதிட்டு அடுத்த லைனுக்குப் போயிருப்பேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் தோணியிருக்காது. கடைசில ‘யூ’ வர்ற எடத்தயெல்லாம் சுத்தி வளச்சு, ‘அந்த ஃபைல் என்னாச்சு’, ‘ரிப்போர்ட் எங்க’ன்னு எழுவாயே இல்லாம எழுதித் தப்பிச்சேன்.

எழுவாய ஒளிச்சு வைக்கிற இந்த வித்தை நம்ம எல்லாருக்கும் கைவந்த கலைதான், கவனிச்சதில்ல, அவ்ளோதான். நீயா நீங்களான்னு தெரியாத ஆள் எதிர்ல வந்தா ‘சாப்டாச்சா’, ‘எப்ப வந்தது’, ‘எங்க பயணம்’னு பேசுவோம், வாக்கியத்துல ஆளே இருக்காது. மதுரைப் பக்கம் இதுக்கு இன்னும் அழகா ஒரு வழி கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க, ‘வந்தாப்ல, சொன்னாப்ல’. வந்தான்னு சொன்னா குறைச்சல், வந்தாருன்னு சொன்னா ஓவரு, நம்ம சம வயசு ஆளு, அதனால வந்தாப்ல. சமூகத்துல நடுவுல ஒரு படி தேவைப்பட்டுச்சு, மொழி ஒரு படி செஞ்சு குடுத்துடுச்சு. ஆனா அந்தப் படில ஏறுறது பெரும்பாலும் ஆம்பளதான். பொண்ணுங்களப் பத்திப் பேசும்போது ‘வந்தா’, இல்லேன்னா ஒரே தாவா ‘வந்தாங்க’, சின்னப் பொண்ணா இருந்தா ‘அது வந்துச்சு’ன்னு அஃறிணைக்கே போயிடுவோம். எழுத்துல ‘அவர்’ங்கிறது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுன்னு இருக்கு, பேச்சுல ‘டீச்சர் வந்தாரு’ன்னு ஒரு பெண் டீச்சரச் சொல்லிப் பாருங்க, வாய் வராது.

இதெல்லாம் ஆதிகாலத்துல இருந்தே இப்படித்தான்னு சிலர் சொல்வாங்க, கிடையாது. சங்கப் பாட்டுல புலவர் ராஜாவ ‘நீ’ன்னுதான் பேசுறாரு. அதியமான் நெல்லிக்கனி குடுத்ததுக்கு ஔவையார் பாடுறது புறநானூறு 91, அதுல ‘ஈத்தனையே’ன்னுதான் வரும், அது சுத்தமான ஒருமை, ‘குடுத்தியே’ங்கிற மாதிரி. வேல் வச்சிருக்குற ராஜா முன்னாடி நின்னு ‘குடுத்தியே’ன்னு சொல்லலாம், யாரும் நாக்க அறுக்கல. தொல்காப்பியம் சொல்லதிகாரத்துல கிளவியாக்கத்துல ஒரு சூத்திரம் இருக்கு, ஒரே ஆளப் பன்மைல சொல்றது வழக்குல உயர்த்திச் சொல்றதுக்காக வந்தது, இலக்கணப்படி பாத்தா அது சரியான வழி இல்லன்னு. அதாவது அந்தக் காலத்துலயே ஜனங்க ஒருத்தரப் பலரா ஆக்கி மரியாதை குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, இலக்கணக்காரர் பாத்துட்டு, ‘இது விதி இல்லப்பா, பழக்கம்’னு எழுதி வச்சுட்டுப் போயிட்டாரு. நேர்மையான மனுஷன்.

அதுக்கப்புறம் நடந்தது மரியாதைல பணவீக்கம். ‘நீர்’னு பன்மையா இருந்த சொல்ல ஒருத்தருக்கே மரியாதையா பயன்படுத்தப் பயன்படுத்த, அந்த மரியாதை தேஞ்சு போச்சு, உடனே பன்மை மேல இன்னொரு பன்மை விகுதி சேத்து ‘நீங்கள்’, அதுவும் பத்தலைன்னு ‘தாங்கள்’. பழைய ‘நீர்’ நடுவுல மாட்டிக்கிச்சு. இன்னைக்கு தமிழ்நாட்டுல அத நீங்க கேக்கணும்னா சர்ச்ல ஜெபத்துல கேக்கலாம், இல்ல திருநெல்வேலிப் பக்கம் ரெண்டு பெருசுங்க ‘என்னவே, நீரு எப்ப வந்தீரு’ன்னு பேசும்போது கேக்கலாம். யாழ்ப்பாணத்துல மட்டும் மூணு படியும் உசுரோட இருக்கு, நீ, நீர், நீங்கள்னு. நண்பர்களுக்குள்ள, புருஷன் பொண்டாட்டிகிட்ட, அரைகுறைப் பழக்கம் உள்ள சம வயசுக்காரங்ககிட்ட ‘நீர் என்ன சொல்றீர்’னு வரும். சென்னைல இருந்து போற ஆளுக்கு அது புராண நாடகம் மாதிரி கேக்கும், அவங்களுக்கு அது சாதாரணப் பேச்சு. யாழ்ப்பாணத்து ஆளுங்க சென்னை வந்தா அவங்களுக்கு அதிர்ச்சி, ஏன்னா சென்னைல ‘நீ’ ரொம்ப தாராளம், ‘இன்னாபா, நீ வா’ன்னு பெரியவரக் கூட கூப்பிடுவாங்க, அந்தப் ‘பா’ல தான் அன்பு, மரியாதை எல்லாம் அடங்கியிருக்கும், அது தெரியாம தெக்கத்தி ஆளுங்க மூஞ்ச சுளிப்பாங்க.

இது வரைக்கும் சொன்னது சுவாரசியம். இனிமே சொல்றது அவ்ளோ சுவாரசியமா இருக்காது.

கோயம்புத்தூர் பக்கத்துப் பேச்சு தமிழ்நாட்டுலயே மரியாதையான பேச்சுன்னு பேர் வாங்கினது. ‘ஏனுங்க, சரிங்க, வாங்க தம்பி’ன்னு நண்டு சிண்டுக்குக் கூட ‘ங்க’ போடுவாங்க, உண்மைதான், கேக்க சுகமாத்தான் இருக்கும். ஆனா அதே தோட்டத்துல தலைமுறை தலைமுறையா பண்ணையத்துக்கு இருந்த ஆளுக்கு அந்த ‘ங்க’ கிடைக்கல. அறுபது வயசு ஆள, பண்ணையக்காரரோட பத்து வயசுப் பையன் பேரச் சொல்லி ‘வாடா’ன்னு கூப்பிடுவான், அந்த ஆள் அந்தப் பையன ‘சாமி’ன்னு கூப்பிடணும். கொங்கு மட்டும் இல்ல, தஞ்சாவூர்ப் பக்கம் ‘ஆண்டே’, இன்னொரு பக்கம் ‘எஜமான்’, பேருதான் வேற. கேரளால முன்னாடி இன்னும் ஒரு படி மேல போய், கீழ்சாதின்னு வச்சிருந்தவங்க ‘நான்’னு சொல்றதுக்கே தடை இருந்துச்சு, தன்னைத் தானே ‘அடியன்’னுதான் சொல்லிக்கணும். தன்னிலைச் சொல்லையே புடுங்கிக்கிட்டாங்க.

மொழி சமூகத்த எப்படி உருவாக்குதுன்னு கேட்டா எனக்கு இதுதான் பதில். அந்தப் பத்து வயசுப் பையனுக்கு யாரும் சாதின்னா என்னன்னு உக்காந்து பாடம் நடத்தல. அவன் அம்மா வாசல்ல நிக்கிற முப்பது வயசு ஆளுக்கு ‘வாங்க, உக்காருங்க’ங்கிறதையும், கொல்லைப் பக்கம் நிக்கிற அறுபது வயசு ஆளுக்கு ‘ஏண்டா லேட்டு’ங்கிறதையும் தினம் கேக்குறான். வயசுக்கு மரியாதைன்னு ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்க, வீட்ல வினைமுற்று வேற ஒண்ணு சொல்லித் தருது. அந்தப் பையன் பேசக் கத்துக்கும்போதே யாரு மேல, யாரு கீழன்னு கத்துக்கிட்டான். அந்தப் பக்கம் அந்தப் பெரியவரோட பேரனும் இதையெல்லாம் கேட்டுக்கிட்டேதான் வளர்றான், அவனும் கத்துக்குறான். மொழி கண்ணாடி மாதிரி சமூகத்த காட்டுதுன்னு எல்லாரும் எழுதுறாங்க, கண்ணாடி யாரையும் எதுவும் பண்ணாது. இது தினமும் நூறு தடவ பண்ற பயிற்சி.

சட்டம் இதுல எவ்ளோ தூரம் போக முடியும்னு பாருங்க. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல பொது இடத்துல வேணும்னே அவமானப்படுத்துறது குற்றம், 2015 திருத்தத்துல சாதிப் பேரச் சொல்லித் திட்டுறது தனிப் பிரிவாவே வந்துச்சு. ஆனா ‘வாடா’ங்கிற விகுதிய எந்த செக்‌ஷன்ல போடுறது? பெயர்ச்சொல்ல சட்டம் புடிக்கும், வினைமுற்ற புடிக்காது. போலீஸ் ஸ்டேஷனுக்கு லுங்கியோட போனா என்ன விகுதி கிடைக்கும், இன் பண்ணிட்டுப் போய் ரெண்டு வரி இங்கிலீஷ்ல பேசினா என்ன விகுதி கிடைக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

சரி, இத யாராவது மாத்த முயற்சி பண்ணாங்களா? பண்ணாங்க, அதுவும் தமிழ்நாட்டுல பண்ணின அளவுக்கு இந்தியால வேற எங்கயும் பண்ணல. 1929 பிப்ரவரில செங்கல்பட்டுல முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்துச்சு, தலைமை சௌந்தரபாண்டியன். பேருக்குப் பின்னாடி சாதிப் பட்டம் போடக் கூடாதுன்னு அங்க தீர்மானம், பெரியார் அதுக்கு முன்னாடியே ‘நாயக்கர’ எடுத்துட்டாரு. ஒரு தீர்மானத்தால என்ன ஆகப் போகுதுன்னு அன்னைக்கு பலர் சிரிச்சிருப்பாங்க. ஆனா இன்னைக்கு நிலவரம் என்ன, வடக்க ஒருத்தர் பேரக் கேட்டாலே குலம் கோத்திரம் தெரிஞ்சுடும், இங்க ‘கே. முருகன்’னா முருகன், அவ்ளோதான், வேலைக்கு ஆள் எடுக்குறவர் ஃபைல்ல பேர மட்டும் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. (வெளிநாடு போனா இதுக்குக் கூலி உண்டு, ஏர்போர்ட்ல நம்மள நம்ம அப்பா பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க, நாம திரும்பிப் பாக்க மாட்டோம்.) இது மொழில பண்ணின ஒரு மாற்றம் சமூகத்துக்குள்ள நேரா போய் வேலை செஞ்ச எடம்னு நான் சொல்லுவேன், ஏன்னா கேக்குறவன் கையில இருந்த ஒரு தகவல இது பறிச்சுடுச்சு.

பறிச்சதும் சமூகம் சும்மா இருந்துச்சான்னா, இல்ல. ‘தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? குலசாமி எது?’ன்னு சுத்தி வந்து கேட்டுச்சு, கேக்குது. வாடகைக்கு வீடு பாத்தவங்களுக்கு இந்தக் கேள்வி வரிசை மனப்பாடம். ‘சைவமா?’ங்கிற கேள்வியும் இதே குடும்பம்தான். இப்ப இன்ஸ்டாகிராம்ல பையனுங்க தாத்தா காலத்துல உதிர்ந்த பட்டத்த எடுத்து மறுபடி ஒட்டிக்கிறதையும் பாக்குறேன், கல்யாண ஃப்ளெக்ஸ்ல அது ரொம்ப காலமாவே இருக்கு. ஒரு தடவ உதிர்ந்தது அப்படியே உதிர்ந்தே கிடக்கும்னு நினைக்கிறதுக்கு இல்ல.

1967ல அண்ணா ஆட்சிக்கு வந்ததும் அரசாங்கக் கடிதத்துல ஸ்ரீ, ஸ்ரீமதி போய் திரு, திருமதி, செல்வி வந்துச்சு. அதுக்குப் பின்னாடி நாப்பது அம்பது வருஷ மேடைப் பேச்சு இருக்கு. 1916ல மறைமலை அடிகள் ஆரம்பிச்ச தனித்தமிழ் இயக்கம், அப்புறம் திராவிட இயக்கத்து மேடைகள், டீக்கடைல படிச்ச பத்திரிகைகள். நமஸ்காரம் வணக்கம் ஆச்சு, அக்கிராசனர் தலைவர் ஆனாரு, அபேட்சகர் வேட்பாளர் ஆனாரு, காரியதரிசி செயலாளர் ஆனாரு. இன்னைக்கு ‘அபேட்சகர்’னா என்னன்னு காலேஜ் பசங்ககிட்ட கேளுங்க, ஏதோ நோய்னு நினைப்பாங்க. இது ஏன் நின்னுச்சு? தமிழ் வார்த்தை இனிமையா இருந்ததால மட்டும் இல்ல. அந்தப் பழைய பேச்சு யாரோட பேச்சு, அதப் பேசத் தெரிஞ்சவன் யாருன்னு ஒரு கேள்வி இருந்துச்சு, பேசத் தெரியாதவங்க கூட்டமா ஆட்சிக்கு வந்தாங்க, வந்தவங்க தங்களுக்கு வர்ற மொழில கோட்டைய நடத்தினாங்க. ஆள் மாறினதுக்கப்புறம் சொல் மாறினா நிக்கும்.

ஆள் மாறாம சொல் மட்டும் மாறினா என்ன ஆகும்ங்கிறதுக்கு நம்ம கண்ணு முன்னாடியே ஒரு சங்கிலி இருக்கு. உத்திரமேரூர்க் கல்வெட்டு, பராந்தக சோழன் காலம், கி.பி. 919லயும் 921லயும் வெட்டினது, குடவோலைத் தேர்தல் பத்தினது. அதுல அந்தப் பிராமண ஊரோட பகுதிகளுக்குப் பேரு ‘சேரி’, பன்னிரண்டு சேரி. அப்ப சேரின்னா சும்மா ஏரியா, வார்டு, அவ்ளோதான். அடுத்த நூற்றாண்டு ராஜராஜனோட தஞ்சாவூர்க் கல்வெட்டுகள்ல பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரின்னு தனித்தனியா வருது. அதுக்கப்புறம் மெதுவா மத்தவங்க எல்லாரும் அந்தச் சொல்ல விட்டு வெளியேறிட்டாங்க, தெரு, வீதி, அக்ரஹாரம்னு போயிட்டாங்க, சேரி தலித் மக்களுக்கு மட்டும் மிச்சமாகி வசவா மாறிடுச்சு. அப்புறம் அரசாங்கம் அவங்களுக்கு வீடு கட்டிக் குடுத்தப்ப ‘காலனி’ன்னு புதுப் பேரு, இங்கிலீஷ்ல இருந்து வந்த, எந்தக் கறையும் இல்லாத பேரு. சென்னைல பேங்க் ஆபீசர்ஸ் காலனின்னா கவுரவம். அதே சொல் ஒரு கிராமத்துல ‘அவன் காலனிக்காரன்’னு வந்தா என்ன அர்த்தம்னு தமிழ்நாட்டுல யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. ஒரே சொல், ஊருக்கு ஊர் வேற அர்த்தம், ஏன்னா அர்த்தத்த அகராதி தீர்மானிக்கல, அந்த எடம் ஊருக்குள்ள இருக்கா ஊருக்கு வெளிய இருக்காங்கிறதுதான் தீர்மானிச்சுச்சு.

அந்த மக்களோட பேரும் இப்படித்தான். 1922ல தலித் தலைவர் எம்.சி. ராஜா சட்டசபைல கேட்டுக் கொண்டு வந்தது ஆதிதிராவிடர்ங்கிற பேரு, பஞ்சமர்ங்கிறதுக்குப் பதிலா. 1930கள்ல காந்தி ஹரிஜன்னாரு, அந்தப் பேர நிறைய பேர் ஏத்துக்கவே இல்ல, 1982ல மத்திய அரசே அத பயன்படுத்தாதீங்கன்னு மாநிலங்களுக்குச் சொல்லிடுச்சு. கேரளால 2024 ஜூன்ல அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் பதவி விலகுறதுக்கு முன்னாடி போட்ட கடைசி உத்தரவு காலனிங்கிற பேர எடுக்கணும்ங்கிறதுதான். தமிழ்நாட்டுல 2025 ஏப்ரல் 29ல முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபைல அரசு ஆவணங்கள்ல இருந்து காலனி நீக்கப்படும்னு அறிவிச்சாரு. நல்ல விஷயம், ஒரு பையன் ஸ்காலர்ஷிப் ஃபார்ம்ல விலாசம் எழுதும்போது கூச வேண்டியதில்லன்னா அதுக்காகவே பண்ணலாம். ஆனா சுடுகாட்டுக்குத் தனிப் பாதை, டீக்கடைல தனி கிளாஸ், கோயில்ல தனி வரிசைன்னு இருக்குற ஊர்ல அடுத்து வைக்கிற பேரும் எத்தன வருஷம் சுத்தமா இருக்கும்னு சேரியோட சரித்திரத்தப் பாத்தாலே கணக்குப் போட்டுக்கலாம்.

மேல இருந்து உத்தரவு போட்டு மாறினதுக்கு எல்லாரும் ஸ்வீடன சொல்லுவாங்க. அங்க முன்னாடி மேலதிகாரிகிட்ட ‘நீ’ன்னும் சொல்ல முடியாது, ‘நீங்க’ன்னும் சொல்ல முடியாது, ‘டைரக்டர் காபி சாப்பிடுவாரா’ன்னு அவர்கிட்டயே படர்க்கைல கேக்கணும், நம்மள விட மோசம். 1967ல ப்ரோர் ரெக்ஸேட்னு ஒருத்தர் அரசு மருத்துவத் துறைக்குத் தலைவரா வந்தாரு, வந்ததும் ஊழியர்கள் எல்லாரையும் ‘டூ’ன்னு, அதாவது ‘நீ’ன்னு பேசப் போறேன், என்னையும் அப்படியே பேசுங்கன்னாரு. கொஞ்ச வருஷத்துல நாடே அப்படி ஆயிடுச்சு. ஆனா அவர் ஒருத்தரால நடந்துச்சுன்னு சொல்றது கதை. தொழிற்சங்கம், சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சி, எல்லாருக்கும் ஒரே பள்ளிக்கூடம்னு பல வருஷமா அந்தச் சமூகம் சமமாகிக்கிட்டே வந்துச்சு, மொழில மட்டும் பழைய ஏணி நின்னுக்கிட்டிருந்துச்சு, அவர் கைவச்சதும் விழுந்துடுச்சு. 1960ல ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் ஐரோப்பிய மொழிகள்ல இந்த நீ, நீங்கள் பத்தி எழுதின கட்டுரைல சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான், அதிகாரம் தீர்மானிச்ச எடத்த நெருக்கம் புடிச்சுக்கிட்டு வருதுன்னு.

நம்ம ஊர்ல ஒப்பிட, ஜட்ஜ ‘மை லார்ட்’னு கூப்பிடுறது இருக்கு. 2006லயே வக்கீலுங்களோட அமைப்பான பார் கவுன்சில் இனிமே வேணாம்னு தீர்மானம் போட்டுடுச்சு, சென்னை ஹைகோர்ட்ல நீதிபதி சந்துரு ‘என்னைய அப்படிக் கூப்பிடாதீங்க’ன்னு சொன்னாரு. ஆனா இன்னைக்கும் கோர்ட்ல போய் நின்னா ‘மை லார்ட்’, ‘மிலார்ட்’தான் காதுல விழும். ஏன்னு கேட்டா ரொம்ப சிம்பிள், வக்கீலுக்கு ஆர்டர் வேணும், ஆர்டர் குடுக்குறவர் மேல உக்காந்திருக்காரு, நான் மட்டும் ஏன் ரிஸ்க் எடுக்கணும். பாலக்காடு மாத்தூர் பஞ்சாயத்துல 2021ல அத திருப்பிப் பண்ணாங்க, ஆபீசுக்கு வர்றவங்க யாரும் சார், மேடம்னு கூப்பிட வேணாம்னு தீர்மானம் போட்டாங்க. அதுல ரசிக்க வேண்டியது, கூப்பிடுறவன் மேல பாரத்த வைக்காம கூப்பிடப்படுறவங்களே வேணாம்னது.

பொண்டாட்டி புருஷன் பேரச் சொல்லக் கூடாதுங்கிற வழக்கத்தயும் இதுல சேக்கணும். ‘என்னங்க’, ‘ஏங்க’, ‘இந்தாங்க’, இதுல எதுலயும் ஒரு ஆள் பேரு இல்ல. ரேஷன் கடைல பேர் கேட்டா, ‘அதான், பழனில இருக்குற சாமி பேரு’ன்னு பாட்டிங்க சொன்னத நம்ம எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்கோம். வடக்க இதுவே சிரிப்பா இல்லாம போச்சு. 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தப்ப, பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கமெல்லாம் நிறைய பெண்கள் சொந்தப் பேரச் சொல்லல, இன்னாரோட மனைவி, இன்னாரோட மகள்னு மட்டும் சொன்னாங்க. தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அப்படிப் பதிய முடியாதுன்னுட்டாரு. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களோட பேர் பட்டியல்ல இருந்து போச்சு. கொடுமையா தெரியும், ஆனா இன்னொருத்தன் பேர்ல ஓட்டு கிடையாதுன்னு அவர் புடிச்ச புடிதான் அடுத்த தேர்தல்ல பெரும்பாலானவங்களச் சொந்தப் பேரோட கொண்டு வந்துச்சு. வீட்டுக்குள்ள பேசுற பழக்கம் ஒண்ணு ஓட்டுரிமை வரைக்கும் போய் நிக்கும்னு எந்த மொழியியல் புத்தகத்த விடவும் இது தெளிவா சொல்லுது.

இப்ப நடக்குறதுக்கு வர்றேன். ஐ.டி. ஆபீஸ்ல பாருங்க, மேனேஜர் வயசு முப்பது, டீம்ல ஒருத்தருக்கு நாப்பத்தஞ்சு, ரெண்டு பேரும் தமிழ்காரங்க, கேன்டீன்ல கூட இங்கிலீஷ்ல பேசிக்கிறாங்க. பந்தான்னு நினைக்கிறோம், பாதி நேரம் அது பந்தா இல்ல, ‘யூ’ல ஒளிஞ்சுக்குறாங்க. தமிழ்ல பேசினா நீயா நீங்களான்னு முடிவு பண்ணணும், அந்த முடிவுல வயசு ஒரு பக்கம் இழுக்கும், பதவி ஒரு பக்கம் இழுக்கும். தமிழ் தேயுதுன்னு கவலப்படுறவங்க இந்தக் காரணத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம், சிலர் விட்டு ஓடுறது மொழிய இல்ல, அந்த ஏணிய.

ரோட்ல வேற மாதிரி ஒரு தீர்வு ஓடிக்கிட்டிருக்கு, முன்பின் தெரியாத எல்லாரும் அண்ணா, அக்கா, தம்பி, இப்ப ப்ரோ. சாப்பாடு கொண்டு வர்ற பையன் ‘அண்ணா, கேட் கிட்ட இருக்கேன்’ங்குறான், நாமளும் ‘வாங்க தம்பி’ங்குறோம், முன்னாடி அதே எடத்துல ‘டேய், இங்க வா’தான் இருந்திருக்கும். ப்ரோவ கிண்டல் பண்றவங்க பண்ணட்டும், எனக்கு அது புடிக்கும், ஏன்னா அதுல சாதியும் தெரியல, வயசும் ரொம்ப தெரியல. ஆனா ‘ப்ரோ’ன்னு ஆரம்பிச்சுட்டு பின்னாடி வினைமுற்று ‘வாங்க’வா ‘வாடா’வான்னு பாருங்க, அங்கதான் உண்மை இருக்கும். ‘ப்ரோ, கொஞ்சம் தள்ளுங்க’ ஒண்ணு, ‘ப்ரோ, தள்ளுடா’ இன்னொண்ணு.

புருஷன் பொண்டாட்டி ‘நீ’ கிட்டத்தட்ட ஜெயிச்சுடுச்சு, நகரத்துலயாவது. பொண்ணுங்க புருஷன ‘டா’ போடுறதும் வந்துடுச்சு. ஆனா அது மாமியார் இல்லாத ரூம்லதான். மாமியார் உள்ள வந்ததும் ‘அவன் வரான்’ உடனே ‘அவரு வராரு’ ஆயிடும், அதயும் டப்பிங்ல எழுதியிருக்கேன், ஒரே சீன்ல ரெண்டு விகுதி, கேக்குறவங்க சிரிக்கிறாங்க, புரியுதுன்னு அர்த்தம். என்னக் கேட்டா மொழி மாற்றம் நடக்குற வரிசையே இதுதான், முன்னிலை முதல்ல மாறும், படர்க்கை கடைசில மாறும், ஏன்னா முன்னிலைல கேக்குற ஆள் ஒருத்தர்தான், படர்க்கை ஊரே கேக்குறது.

கடைசியா, வெளிநாட்டுல வளர்ற நம்ம பிள்ளைங்க. அமெரிக்காவுலயோ கனடாவுலயோ வீட்ல அப்பா அம்மாகிட்ட மட்டும் தமிழ் கேட்டு வளர்ற குழந்தைக்குக் காதுல விழறது ‘நீ’ மட்டும்தான், ஏன்னா அந்தக் குழந்தைய எல்லாரும் ‘நீ வா, நீ சாப்பிடு’ங்குறாங்க. வீடியோ கால்ல அது தாத்தாவப் பாத்து ‘தாத்தா, நீ எப்ப வருவ?’ங்குது. தாத்தா சந்தோஷமா சிரிக்கிறாரு, பக்கத்துல உக்காந்திருக்குற பெரியப்பா மட்டும் ‘மரியாதையே சொல்லிக் குடுக்கலியா’ங்குறாரு. இலக்கணம் அந்தக் குழந்தைக்கு நல்லாவே தெரியுது, எழுவாயும் பயனிலையும் சரியா பொருந்துது. அது வளர்ற வீட்ல மேல யாரு, கீழ யாருன்னு கேட்டுக் கத்துக்க ஆள் இல்ல, அதனால ‘நீங்க’வும் இல்ல. சனிக்கிழம தமிழ் ஸ்கூல்ல டீச்சர் ‘நீங்க’ சொல்லித் தருவாங்க, அதுவும் மண்டைல ஏறும், ஏறினதும் சில பிள்ளைங்க வீட்டு நாய்க்குட்டியக் கூட ‘வாங்க, உக்காருங்க’ன்னு கூப்பிட ஆரம்பிச்சுடும்.